வேர்க்கடலைக் கொல்லையில் நாற்பது டம்ளர்கள்

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் ஆரணியில் ஒரு பம்புசெட் கடையில் ஃபிட்டராக இருந்தேன். தெளிப்பு நீர்ப்பாசனம் அப்போது எங்கள் பக்கம் புதிது. நான் முதலில் அமைத்துக் கொடுத்தது தேவிகாபுரம் பக்கத்தில், தனியாக விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் வேர்க்கடலைக் கொல்லையில்.

தண்ணீர் சுற்றிச் சுற்றி விழுந்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை. பத்தாம் நாள் அந்த அம்மா பஸ் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னாங்க இது, வட்டம் வட்டமாத்தான் நனையுது. நடுவுல செடி வாடிகினு கீது. வந்து பாருங்க, ஜல்தி!"

போய்ப் பார்த்தேன். ஒரு தெளிப்பானின் வட்டம் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குமாறு வைத்திருந்தேன். குழாய் மிச்சம் பிடித்த கெட்டிக்காரத்தனம். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"எல்லா இடத்துலயும் தண்ணி விழுதுங்களே" என்றேன்.

அவர் வீட்டுக்குப் போய், மகள் காதுகுத்துக்கு வந்த நாற்பது எவர்சில்வர் டம்ளர்களைக் கூடையோடு கொண்டுவந்தார். இரண்டு தெளிப்பான்களுக்கு நடுவே வரிசையாக வைத்தோம். வரப்பில் போனவர் ஒருவர், "பந்தி எத்தினி மணிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் மோட்டார் ஓடியது. தெளிப்பானுக்குப் பக்கத்து டம்ளரில் இரண்டு விரற்கடை தண்ணீர். நடு டம்ளரில் அடிகூட நனையவில்லை. அந்த அம்மா அதை என் கையில் கொடுத்தார். "குடிங்க."

ஒன்றின் தண்ணீர் அடுத்ததன் காலடிவரை விழும்படி தெளிப்பான்களை நெருக்கி வைத்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தபோது தண்ணீரின் வேகம் குறைந்தது. அதனால் பாதிக் கொல்லையை முடித்துவிட்டுக் குழாய்களை மறுபாதிக்கு மாற்றினோம். காற்று எழுவதற்கு முன் விடியலிலேயே பாய்ச்சலாம் என்பது அவருடைய யோசனை. மறுபடி டம்ளர் வைத்தபோது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

"இப்பத்தாங்க நீங்க ஃபிட்டரு" என்று சிரித்தார்.

அந்தப் பருவம் கொல்லை முழுக்க ஒரே பச்சையாக நின்றது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நிலத்துக்காரரும் கடைக்கு வந்தார். அவர் கிளம்பும்போது கேட்டேன்: "வீட்ல டம்ளர் எத்தினி இருக்குங்க?"