செல்வி எழுதிய சரியான விடை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஐந்தாம் வகுப்பு வாத்தியாரானபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று புவியீர்ப்புப் பாடம். "பூமி எல்லாத்தையும் தன் பக்கம் இழுக்குது. கனமானத ஜாஸ்தி இழுக்கும். அதனால அதுதான் முதல்ல விழும்" என்றேன்.

தேங்காய் பறிப்பவரின் மகள் செல்வி எழுந்தாள். "இல்ல சார். எங்கப்பா மரத்துமேலருந்து தள்ளுனா சின்னக் குரும்பையும் முத்துன தேங்காயும் ஒண்ணாத்தான் விழும்."

"அப்போ உங்கப்பனயே வந்து பாடம் எடுக்கச் சொல்லேன்!"

வகுப்பே சிரித்தது. அவளை பெஞ்சு மேல் நிற்க வைத்தேன்.

மத்தியானம் யாருக்கும் தெரியாமல் மாடியிலிருந்து ஒரு செங்கல்லையும் கூழாங்கல்லையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் ஒரே சத்தம்தான் கேட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை. மரமேறுகிறவர் மகளிடம் தோற்பதா என்ற கேடுகெட்ட கௌரவம்.

பரீட்சையில் செல்வி, கனமான பொருளே முதலில் விழும் என்று எழுதியிருந்தாள்.

"ஏம்மா, நீ வேற மாதிரி சொன்னியே?"

"நீங்க சொன்னதுதான் சார் சரி. எங்கப்பா படிக்காதவரு, அவருக்கு என்னா தெரியும்?"

முழு மதிப்பெண் போட்டேன். அந்த வருடம் அவளுக்கு நான் உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது, பெற்ற அப்பனை இளக்காரமாகப் பார்ப்பதை மட்டும்தான்.