பழனிவேல் சார் குறைத்த ஒரு புள்ளி

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் இரண்டு கோப்பைகளையும் மேசைமேல் வைத்து மாலை போட்டிருந்தோம். கூடைப்பந்தில் மாணவர், மாணவியர் இரண்டு அணிகளுமே இந்த முறை மாவட்டத்தில் முதலிடம். பிள்ளைகளுக்கு ஜிலேபி கொடுத்துக்கொண்டிருந்தபோது ராசிபுரத்திலிருந்து பழனிவேல் சாரின் மனைவி கூப்பிட்டார். "சாரு வெடியால போயிட்டாருங்க மிஸ்" என்றார். விடியற்காலையில் இறந்திருக்கிறார். அன்று சாயங்காலம் கோப்பையோடு அவரைப் பார்க்கப் போவதாக இருந்தேன். மூன்று வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த மன்னிப்பையும் கேட்பதாக இருந்தேன்.

நம் பள்ளியில் படித்த உங்களில் பலருக்கு அவர் வேதியியல் ஆசிரியர். உடற்கல்வி ஆசிரியையான எனக்கு அவர் ஸ்கோர் ஷீட் எழுதுகிறவர். நான் கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். அவர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். "நம்ம பிள்ளைகளுக்கு ஒரு பாயிண்ட் சேத்திப் போட்டாத்தான் என்னங்க சார்?" என்று சீண்டினால் நிமிராமலே சொல்வார்: "கூடைக்குள்ள உழுந்தது மட்டுந்தானுங்க மிஸ் பாயிண்ட்டு. நம்ம ஆசைக்கெல்லாம் கட்டமில்லீங்க."

மூன்று வருஷத்துக்கு முன் நாமக்கல்லில் மாணவியர் இறுதி ஆட்டம். ஒரே புள்ளியில் ஜெயித்தோம். ஒரு பெண்ணின் அப்பா லாரிக்கு மாலை கட்டிக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் அதிலேறி ஆட, மேளமும் தொடங்கிவிட்டது. அப்போது சார் ஷீட்டோடு வந்தார். "ஒரு ஃப்ரீ த்ரோவ ரெண்டாப் போட்டுட்டனுங்க மிஸ். ரெஃப்ரி இன்னும் கையெழுத்துப் போடலீங்க. சொல்லிட்டு வாரேன்."

"சொல்லாதீங்க சார்" என்று நான் கெஞ்சினேன். இன்றைக்கு அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவர் போய்ச் சொன்னார். ஆட்டம் சமமானது. லாரியிலிருந்து இறங்கிவந்து கூடுதல் நேரம் ஆடித் தோற்றோம்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கில் நரம்பிருக்காது. "உங்க நேர்மையக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க" என்றேன், பிள்ளைகள் முன்னாலேயே. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. அந்த மே மாதம் ஓய்வு பெற்றுப் போனார். வழியனுப்பு விழாவுக்குக்கூட நான் போகவில்லை.

போன சனிக்கிழமை மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் ஒரு புள்ளியில் வெற்றி. விசில் ஊதியதும் ஊரே எழுந்து கத்தியது. எங்கள் பிள்ளைகள் மட்டும் மேசை முன்னால் வரிசையாக நின்றார்கள். "ஏண்டி நிக்கறீங்க?" என்றேன். கேப்டன் கௌசல்யா, அன்று லாரியிலிருந்து அழுதுகொண்டே இறங்கிய எட்டாம் வகுப்புப் பிள்ளை, மேசையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்: "கையெழுத்து ஆவட்டுங்க மிஸ்."

மூன்று வருஷத்துக்கு முன் தோற்ற அணியான எங்களுக்குக் கொடுத்த ஷீட் நகலைக் கிழித்துப்போட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். என் பீரோவில்தான் இருக்கிறது. அதில் எங்கள் கடைசிப் புள்ளியை அடித்து, பக்கத்தில் சின்னதாகத் தன் பெயரெழுத்தைப் போட்டிருக்கிறார். என்னிடம் அவருடையது இது ஒன்றுதான் மிச்சம்.

இந்த முறை கையெழுத்தான பிறகுதான் ஆடினோம் சார். அதைச் சொல்லத்தான் திங்கட்கிழமை சாயங்காலம் வருவதாக இருந்தேன்.