நோட்டுக் கம்பி

கல்மண்டபத்துல நம்மளுது காயலாங்கடை. பழைய பேப்பர், இரும்பு, என் மொக்க ஜோக்கு, மூணும் எப்பவும் ஸ்டாக்கு கீது.

ஒருநாள் மத்தியானம் கண்ணாடி போட்ட பொண்ணு ஒண்ணு ரெண்டு பை நிறைய நோட்டு எடுத்துகினு வந்துச்சு. லாரி புழுதி கெளப்புறப்பல்லாம் கண்ணாடியத் தொடச்சு, வானத்த ஒருவாட்டி பாத்துக்கும்.

"இன்னாம்மா நோட்டு இது?"

"குட்டி கேலக்ஸிங்க பத்திண்ணா. அங்க புது நட்சத்திரம் பொறந்தா சுத்தியிருக்கிற வாயு ஒளிரும். அந்த வெளிச்சத்த வச்சு உள்ள இன்னா இருக்குன்னு பாப்பேன். உலோகம் ரொம்ப கம்மி."

"இரும்பு இல்லாத ஊரா? அங்க கட போட்டா நான் பட்டினிதான்."

அது சிரிக்கல. "ஆறு வருஷ ஆராய்ச்சிண்ணா. உதவித்தொக நின்னுபோச்சு. மணலி கம்பெனி ஒண்ணுல வேலைக்குப் போறேன். வூட்ல இருந்தா இதையே பாத்துகினு இருப்பேன், எடுத்துக்கோங்க."

வழக்கம்போல நோட்டுங்களோட சுருள் கம்பிய உருவி இரும்புக் குவியல்ல போட்டேன். பேப்பர சாயந்தர லாரில ஏத்திட்டேன்.

மறுநாள் கட தொறக்கறப்பவே வாசல்ல நின்னுச்சு. "அண்ணா, அந்த நோட்டு?"

"மில்லுக்குப் போயிடுச்சும்மா."

ஒரு ஜோக்கும் வாயில வரல. இன்னா புத்தியோ, குவியல்ல நோண்டி அந்தக் கம்பிங்கள எடுத்து நீட்டுனேன். லாரி ஒண்ணு புழுதி கெளப்பிகினு போச்சு. அது கண்ணாடியத் தொடக்கல, வானத்தையும் பாக்கல. கம்பிய மட்டும் பைல பத்திரமா வச்சுகினு நடந்துச்சு.

அத்த வச்சு இன்னா பண்ணியிருக்கும்?