இடது கணுக்காலின் பொய்

பிள்ளைகள், நேற்றுக் கடையில் நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில் எனக்குக் கோபமில்லை. சின்னவனுக்கு ஸ்கேட்ஸ் போட்டுப் பார்க்கும்போது, "எங்க நோகுது?" என்று நான் ஒன்பது தரம் கேட்டேனாம். மகள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒன்றும் நோகவில்லை என்று தம்பி சொல்கிறானே, விடுங்கள் என்று பிரெஞ்சில் என்னை அதட்டவும் செய்தாள். கடைக்காரப் பெடியன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தான். நோகவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே நம்பக் கூடாது என்பதுதான் என் கட்சி. அது ஏன் என்று இதில் எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும். மெதுவாகவே வாசியுங்கள். நானும் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை, மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. சென்ட் லோரன்ட் பகுதியில் இரண்டு அறை வாடகை வீடு. ஓர் அறையில் அப்பாவும் அம்மாவும், மற்றதில் நானும் மாமாவும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. இப்போது புரோசார்டில் இருக்கிறாரே, உங்களுக்கு ஒவ்வொரு முறையும் பணியாரம் கட்டித் தந்துவிடுகிறவர், அவர்தான். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது, தலை நிறைய மயிர்.

எனக்கு ஓர் இடத்தில் இருக்கத் தெரியாது. சாப்பிடும்போதும் கால் ஆடும். வகுப்பில் என் கால் ஆடி முன்னால் இருந்தவளின் கதிரை நடுங்குகிறது என்று ஆசிரியை கடிதம் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னவனும் நான்தான். என்ன சொல்லியிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஐஸில் நின்றால் மட்டும் அந்தக் கால்களைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. அங்கே ஆடுகிற கால்தான் வேண்டும்.

ஆனால் என் காலுக்குச் சரியான ஸ்கேட்ஸ் உலகத்தில் இருக்கவில்லை. விரல் பக்கம் அகலம், குதி ஒடுக்கம், கணுக்கால் எலும்பு கொய்யாக்காய் போல வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். போட்டுக் கழித்த சோடி ஒன்றை, வளருகிற பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி, மூன்று சொக்ஸ் போட்டு நிரப்பியிருந்தோம். நேராக ஓடுவேன். திரும்பச் சொன்னால் ஸ்கேட்ஸ் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். ஹொக்கிக் கோச் ஒருநாள் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உன்னை எடுக்க எனக்கு ஆசை. ஆனால் இந்த வாளிகளோட எடுக்க ஏலாது. அணித் தெரிவுக்கு இன்னும் அஞ்சு கிழமை இருக்கு."

அதை வீட்டில் சொன்னபோது மாமா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு என் காலைப் பிடித்துப் பார்த்தார். அவர் வேலை செய்தது காலளவு எடுத்து ஸ்கேட்ஸ் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில். கால் உருவத்தில் மர அச்சு இருக்கும். அதன்மேல் தோலை இழுத்து, சுருக்கம் விழாமல் பொருத்துவதுதான் மாமாவின் வேலை. அது எல்லாருக்கும் கொடுக்கிற வேலை இல்லை. மூன்று வருடம் கூட்டிப் பெருக்கியும் பெட்டி அடுக்கியும் இருந்த பிறகுதான் அவரை அச்சு மேசையில் இருத்தியிருந்தார்கள். வேலையாட்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்போதாவது ஒரு சோடி செய்து கொடுக்கிற வழக்கம் அங்கே இருந்தது. மாமா ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. எனக்காகக் கேட்டார்.

அளவு கொடுக்கப் பட்டறைக்குப் பஸ்ஸில் போகும்போது மாமா இரண்டு தரம் தலையைச் சீவிக்கொண்டார், மூன்று தரம் எனக்குப் புத்தி சொன்னார்.

"டேய், முதலாளி எனக்காகச் செய்து தாறார். அங்க போய் அது சரியில்லை, இது சரியில்லை எண்டு குறை சொல்லிப்போடாதை."

"ஓம் மாமா."

"காலை ஆட்டாதை."

"ஓம் மாமா."

"இப்பவும் ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறாய்."

எங்கள் வீட்டுச் சட்டம் அது. உதவி செய்தவரிடம் குறை சொல்வதில்லை. அம்மாவுக்கு யாரோ ஒரு பெண் கொடுத்த குளிர் அங்கிக்கு ஸிப் வேலை செய்யாது. அம்மா மூன்று குளிர்காலம் அதை ஊசி குத்திப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணைக் காணும்போதெல்லாம் "நல்ல சூடு, நல்ல சூடு" என்றார். நெஞ்சுப் பக்கத்தால் காற்றுப் புகுந்து சளி பிடித்தபோதும் அப்படித்தான் சொன்னார்.

பட்டறை முதலாளியை எல்லாரும் முசியே, அதாவது ஐயா, என்றே கூப்பிட்டார்கள். தடித்த விரல்கள், காதில் பென்சில். நிலத்தில் ஒரு தாளை விரித்து, வெறுங்காலுடன் என்னை ஏற்றி நிறுத்தி, பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். நான் அசைந்ததில் கோடு சுண்டுவிரலைத் தாண்டி வெளியே ஓடியது. வேறு தாள். மறுபடியும் ஓடியது. மூன்றாவது தாளில் மாமா என் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு அளவுநாடா வைத்துப் பாதத்தில் நாலைந்து இடத்தில் சுற்றளவு எடுத்தார் முசியே. இடது கால் வலதை விடக் கொஞ்சம் நீளம் என்றார். எனக்கே தெரியாத செய்தி.

அதற்குப் பிறகு மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையில் நான் ஒழுங்காக உட்கார்ந்ததாக ஞாபகமில்லை. மாமா வேலையால் வரும் நேரம் படியில் காத்திருப்பேன். "வந்திட்டுதோ?" என்பேன். "பசு கன்று போட்டிட்டுதோ எண்டு கேக்கிற மாதிரிக் கேக்கிறான்" என்று அம்மா ஏசுவார். மாமா மட்டும் ஏசவில்லை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, இன்றைக்குத் தோல் வெட்டினோம், இன்றைக்கு அச்சில் ஏற்றினேன் என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி சொல்வார். என் சோடியை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே இழுத்ததாக ஒருநாள் சொன்னார். அன்றைக்கு அவர் கையில் இரண்டு விரலுக்குப் பிளாஸ்டர் போட்டிருந்தது.

போட்டுப் பார்க்கிற நாள் வந்தது. முசியே என்னைக் கதிரையில் இருத்தி, குதியைப் பின்னுக்கு நன்றாக உதைக்கச் சொன்னார். கீழேயிருந்து மேலே நாடாவை இறுக்கினார். எழுந்து நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தைப் பட்டும் படாமலும் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விட்டு விலக வேண்டும். தொட்டது. விலகியது. குதி அசையவே இல்லை. என் வாழ்க்கையில் முதல் தரம் ஒரு சப்பாத்து என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இடது கணுக்கால் எலும்பில் மட்டும் ஒரு சுள்ளென்ற வலி.

முசியே கேட்டார், "எங்க நோகுது?"

கவனியுங்கள், நோகிறதா என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்டார்.

"எங்கேயும் இல்லை, முசியே."

"எங்கேயும் இல்லையா? முப்பது வருசமாய் இந்த வேலை செய்யிறன், எங்கேயும் இல்லை எண்டு ஒரு கால் சொல்லிக் கேட்டதில்லை."

மாமாவுக்குப் பிரெஞ்சு அரைகுறை. என் பக்கம் குனிந்தார். "என்னவாம்?"

"நல்லா இருக்கோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லு. மெர்சியும் சொல்லு."

சொன்னேன். முசியே நம்பாமல் என் பூட்ஸைச் சுற்றிப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டு வந்தார். சரியாக அந்த எலும்பில் அமுக்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, அடியில் இரும்புப் பிளேட் பொருத்தக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கிழமை ஐஸ் அரீனாவில் நான் பறந்தேன் என்று எழுத ஆசைதான். முதல் பத்து நிமிடம் பறந்தேன். அதற்குப் பிறகு இடது காலில் நெருப்பு. இடப் பக்கம் திரும்பாமல் எல்லாவற்றையும் வலப் பக்கமாகவே சுற்றி வந்தேன். "புது ஸ்கேட்ஸும் ஒரு பக்கம்தான் திரும்புமோ?" என்று கோச் கேட்டார். வீட்டில் சொக்ஸைக் கழற்றாமல் திரிந்தேன். தோல் உரிந்து, சொக்ஸ் ஒட்டி, அதைத் தண்ணீர் விட்டுக் கழற்றவேண்டி வந்தது. தெரிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, குளியலறைத் தொட்டியில் நான் அலசிக்கொண்டிருந்த சொக்ஸை மாமா கண்டார்.

"இது என்ன ரத்தம்?"

நான் சொக்ஸைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். மாமா என் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"உனக்கு வாய் இல்லையோடா? அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள்தானே குறை சொல்ல வேண்டாம் எண்டனீங்கள்."

மாமா குளியலறை வாசலில் குந்தியவர் எழும்பவே இல்லை. அம்மா வந்து, "என்ன தம்பி, ரெண்டு பேரும் இங்க மாநாடோ?" என்று கேட்ட பிறகுதான் எழும்பினார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறைக்குப் போனோம். முசியே என் சொக்ஸை இறக்கினார். புண்ணைப் பார்த்ததும் முகம் சிவந்தது. கோபம் என்னோடு அல்ல. மாமாவைப் பார்த்து, இதை அச்சில் இழுத்தது யார் என்று கேட்டார்.

மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில், நான்தான், பிழை என்னுடையது, அவசரத்தில் சரியாக இழுக்கவில்லை என்றார்.

பொய். அந்தத் தோலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பிழை தோலில் இல்லை, அளவிலும் இல்லை. என் எலும்புக்கு இன்னும் ஒரு துளி இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதைக் கேட்டறியத்தானே முசியே அன்று அத்தனை தரம் அமுக்கினார். அந்த அறையில் இரண்டு மொழியும் முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன். "நான் பொய் சொன்னேன்" என்பதற்கு இரண்டு மொழியிலும் எனக்குச் சொல் இருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு காலை ஆட்டினேன். யாரும் ஆட்டாதே என்று சொல்லவில்லை.

முசியே மேசை லாச்சியிலிருந்து ஒரு துண்டு லிப்ஸ்டிக் எடுத்தார். புண்ணைச் சுற்றிச் சிவப்பாகப் பூசினார். பூட்ஸுக்குள் காலை விட்டு எடுக்கச் சொன்னார். உள்ளே எலும்பு முட்டிய இடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அந்த இடத்தைச் சூடு காட்டி இளக்கி, ஒரு வாயில் குண்டும் மறு வாயில் வளையமும் உள்ள பெரிய இடுக்கியால் மெல்ல மெல்ல வெளியே தள்ளினார். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். பிறகு கேட்டார், "இப்ப எங்க நோகுது?" புண்ணைத் தவிர எங்கும் நோகவில்லை என்றேன். இந்த முறை அது உண்மை.

சனிக்கிழமை தெரிவில் இடப் பக்கமும் திரும்பினேன், வலப் பக்கமும் திரும்பினேன். எடுபட்டேன். அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்று கை தட்டினார். மாமா வரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, எனக்கு இப்ப லேசான வேலை தந்திருக்கினம். பெட்டியில போட்டு ஒட்டுறது. கைக்கு நோவில்லை."

"நல்லதாப் போச்சு" என்றார் அம்மா. "அந்த விரல் ரெண்டும் ஆறட்டும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். லேசான வேலை நல்ல வேலைதானே. பதினொரு வயதில் எனக்கு விளங்காதது இதுதான்: மூன்று வருடம் பெருக்கி, அடுக்கி அந்த அச்சு மேசைக்குப் போன மனுசனை, அந்தப் பிழைக்காக அதைவிட்டு இறக்கியிருந்தார்கள். அவர் எங்களுக்கும் "நோவில்லை" என்றுதான் சொன்னார். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. பெருவிரலால் அமுக்கிப் பார்க்க எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கவில்லை. பிற்பாடு அந்தப் பட்டறையை விட்டு அவர் வேறு வேலைக்குப் போன பிறகும், அவர் வாயால் ஒருநாளும் நான் அதைக் கேட்டதில்லை. அங்கே கூட வேலை செய்த ஒருவர் பல வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் அப்போது உங்கள் அம்மாவைக் கட்டிவிட்டேன்.

ஆனாலும் அந்தக் கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அணியில் எடுபட்ட சந்தோசம் ஒரு பக்கம். மாமா முசியேக்கு முன்னால் நின்ற நிலை ஒரு பக்கம். என்ன செய்தால் சரிவரும் என்று தெரியவில்லை. முசியேயிடம் போய்ச் சொல்லத் துணிவில்லை. மாமாவிடம் மன்னிப்புக் கேட்க எங்கள் வீட்டில் பழக்கமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். புண் ஆறவில்லை என்று சொல்லி நான் நின்றுகொண்டேன். கதவு சாத்தியதும் ஸ்கேட்ஸை எடுத்துக் கட்டிலில் வைத்து, இடதின் நாடாவை முழுதாகத் தளர்த்தினேன். நாடாவுக்குக் கீழே இருக்கிற நாக்குத் தோலின் உட்பக்கம் பட்டறையின் முத்திரை குத்தியிருந்தது. அதற்குக் கீழே பள்ளிக்கூடப் பேனையால், "இதைச் செய்தது என் மாமா. நல்லாய்ச் செய்தவர்" என்று தமிழில் எழுதினேன். தோலில் மை பிடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் நாலைந்து தரம் அழுத்தி எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்து, ஈரம் காய ஊதினேன். பிறகு, மாமா கண்டுவிடாதபடி நாடாவை இறுக்கிக் கட்டி, ஸ்கேட்ஸைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.