சர்வர் கூப்பிட்டது, நான் எடுக்கவில்லை

இப்போதெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் நான் படுத்துத் தூங்குகிறேன். பஸ் தொழில் செய்கிறவன் மத்தியானம் தூங்குவது சின்ன விஷயம் இல்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒரு ஓட்டை வேனில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த வேனையே வாங்கினேன். இன்று தம்போயில் என் கொட்டகையில் பதினான்கு பஸ் நிற்கிறது, எல்லாம் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ். பீற்றிக்கொள்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். சம்பாதித்தவன் நான், அதை நான் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்காரனா வந்து சொல்வான்?

இத்தனை வண்டியையும் நான் மணிச் சத்தத்தில்தான் நடத்தினேன். தொழிற்சாலை வாசலில் ஆட்களை இறக்கிவிட்டதும் டிரைவர் என் கைப்பேசிக்கு ஒரு மிஸ் கால் கொடுப்பான். நான் எடுக்க மாட்டேன், வெட்டிவிடுவேன். வண்டி போய்ச் சேர்ந்தது, எனக்கும் தெரிந்தது என்று அதற்குப் பொருள். பேசினால் காசு கொள்ளை போன காலத்தில் ஆரம்பித்த பழக்கம். வாட்சப் வந்த பிறகு டிரைவர்கள் தங்கள் தவுக்கேயிடம், அதாவது முதலாளியான என்னிடம், கெஞ்சிப் பார்த்தார்கள்.

“தவுக்கே, மெசேஜ் போட்டுடறோம்லா.”

விடவில்லை. மெசேஜ் படிக்கக் கண்ணாடி தேட வேண்டும், எழுத்துக் கூட்ட வேண்டும். மணிக்கு அது எதுவும் வேண்டாம். அடித்தால் எல்லாம் சரி. அடிக்காவிட்டால்தான் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன்.

ஆனால் காலம் மாறியது. எந்த ஷிஃப்டுக்கு எந்த ஆள், எந்த இடத்தில் ஏறுகிறான் என்பது தினமும் மாற ஆரம்பித்தது. தொழிற்சாலைக்காரர்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கேட்டார்கள். ஆபீஸ் பின்னறையில் ஒரு சர்வர் வாங்கிப் போட்டேன். கறுப்பாக, சின்னப் பீரோ மாதிரி ஒரு பெட்டி. டிரைவர்களின் கைப்பேசிக்கு வழி சொல்வது அதுதான். ஏர்கான் போட்ட அறை, நல்ல பூட்டு, ஒரே சாவி. சாவி என் பாக்கெட்டில். நான் இல்லாமல் அந்தக் கதவை யாரும் தொட்டதில்லை.

அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த பெட்டி இரண்டு தடவை என்னைக் கவிழ்த்தது. முதல் தடவை உள்ளே இடம் நிரம்பி நின்றது. இரண்டாவது தடவை ஏன் நின்றது என்று அதற்கே தெரியவில்லை. அன்றைக்குப் பண்டார் தெங்காராவில் ஆட்கள் மழையில் சாலையோரம் நிற்க, என் பஸ் வேறெங்கோ போய்க் காலியாகத் திரும்பியது. அந்த ஆட்கள் வேலை செய்வது கூலாய்ப் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலையில், அதற்கு மட்டும் என் பஸ் ஏழு ஓடுகிறது. அதன் மேனேஜர் மரியாதை தெரிந்த மலாய்ப் பெண்மணி. தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள்.

“அங்கிள், ஸெகாலி லாகி, ஹாபிஸ்.”

இன்னொரு தடவை நடந்தால் கான்ட்ராக்ட் போச்சு. பாதி பஸ்ஸை விற்க வேண்டும், ஏழு டிரைவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆயுளில் நான் ஆளைச் சேர்த்திருக்கிறேனே தவிர, அனுப்பியதில்லை.

சர்வரைப் பார்த்துக்கொள்கிற பெண் சிங்கப்பூரில் வேலை செய்கிறவள். சிலோன்காரக் குடும்பம். அவள் தகப்பனார் சர்க்கார் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். நடந்ததைக் கேட்டதும் கைப்பேசியிலேயே என்னை அதட்டினாள்.

“அங்கிள், அது சாகுற வரைக்கும் சும்மா இருந்துட்டு அப்புறம் என்னைக் கூப்பிடுறீங்க. உள்ள ஒரு ஏஜெண்ட் போட்டுடலாம்.”

“ஏஜெண்டா? பெர்மிட் ஏஜெண்ட்கிட்ட நான் பட்டது போதும்மா.”

“அலமாக், ஆள் இல்ல அங்கிள். குட்டி ப்ரோக்ராம். சர்வருக்குள்ளயே குந்திக்கிட்டு, சூடு எவ்ளோ, இடம் எவ்ளோ, பஸ் ப்ரோக்ராம் ஓடுதா இல்லையான்னு பாத்துட்டே இருக்கும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டாள், நான் தம்போயில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆபீஸ் போனை ஸ்பீக்கரில் வைத்தோம். திரையில் அம்புக்குறி தானாக ஓடியது. நான் செய்ய வேண்டியது அவள் கேட்கும்போது திரையில் வரும் எண்ணைப் படிப்பது மட்டும். எண் படிப்பதில் எனக்கு நிகர் கிடையாது. தப்பில்லாமல் படித்தேன்.

“சூடு எது வரைக்கும் போகலாம் அங்கிள்? அதத் தாண்டுனா கத்தச் சொல்லணும்.”

“இப்ப எவ்ளோ இருக்கு?”

சொன்னாள்.

“அதுலேர்ந்து கொஞ்சம் மேல வைம்மா. ரொம்ப கிட்டக்க வச்சா சும்மா சும்மா கத்தும். என் மூணாம் நம்பர் பஸ் டிரைவர் மாதிரி.”

சிரித்துக்கொண்டே வைத்தாள். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டேன்.

“பெட்டியே செத்துப்போச்சுன்னா எப்படிம்மா சொல்லும்?”

“அது நிமிஷத்துக்கு ஒரு தடவ ‘இருக்கேன், இருக்கேன்’னு வெளியில உள்ள சிஸ்டத்துக்குச் சொல்லிட்டே இருக்கும் அங்கிள். சத்தம் நின்னா நமக்குத் தெரிஞ்சிடும்.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. “அட, இது என் மிஸ் கால்தானே!”

“அதே மாதிரிதான் அங்கிள்,” என்றாள்.

அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. பெட்டி ‘இருக்கேன்’ என்று சொல்வது அந்த சிஸ்டத்துக்கு. என் கைப்பேசி அடித்தால் ஆபத்து என்று அர்த்தம். நான் புரிந்துகொண்டது நேர்மாறாக. மணி அடித்தால் சுகம், இது எனக்கு ரத்தத்தில் ஊறியது. அவள் சோதனைக்காக அழைப்பு விட்டாள். என் கைப்பேசி அடித்தது. சந்தோஷமாக வெட்டினேன். அதே நேரம் வெளியே ஒருவன் பஸ்ஸைப் பின்னால் எடுத்துச் சாக்கடைக்குள் விடப் பார்த்தான், கத்திக்கொண்டு ஓடினேன். “அங்கிள், எடுத்து ஒண்ணு அமுக்கணும், அங்கிள்” என்று அவள் சொன்னதெல்லாம் காலி நாற்காலிக்குச் சொன்னது.

திரும்பி வந்ததும் கேட்டாள். “நீங்க எடுக்கலன்னா அடுத்தது யாரைக் கூப்பிடணும்?”

“நான் எடுக்காம வேற யாரு?”

“ஒரு நம்பர் வேணும் அங்கிள், இல்லன்னா சிஸ்டம் விடாது.”

பேருக்கு என் மனைவியின் எண்ணைக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மூவாரில் என் மைத்துனர் வீட்டில் பரிசம். அவர் மகளுக்கு என் மனைவிதான் அத்தை, தட்டு மாற்ற நாங்கள் இருந்தாக வேண்டும். முன்பு இந்த மாதிரி விசேஷங்களுக்குக் கிளம்பிப் பாதி வழியில் பஸ் பிரச்சினை என்று நான் வண்டியைத் திருப்பியது உண்டு. காரில் ஏறும்போதே அவள் சொல்லிவிட்டாள்.

“இந்தத் தடவ திருப்புனீங்க, நான் எறங்கி பஸ் புடிச்சே போயிடுவேன். உங்க பஸ் இல்ல.”

“இனிமே என்ன பயம்? அதான் ஏஜெண்ட் இருக்கே!”

மூவாரில் வீடு நிறையக் கூட்டம். தட்டுகள் வரிசையாக இருந்தன. நான் பட்டு வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்தேன், அன்று சோதனைக்கு வந்த அதே எண். வெட்டினேன். மனசு குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. வெட்டினேன்.

“யாரு மச்சான், விடாம கூப்பிடுறது?” என்றார் மைத்துனர்.

“என் சர்வர். நல்லா இருக்கேன்னு சொல்லுது. ரொம்ப பொறுப்பு.”

மூன்றாவது தடவை அடித்தபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நல்லா இருக்குறவன் எதுக்கு மச்சான் இத்தன தடவ கூப்பிடுறான்?”

“புதுசுலா. ஆர்வக்கோளாறு,” என்று சொல்லி வெட்டினேன்.

அதன் பிறகு அடிக்கவில்லை. நல்ல பிள்ளை, சொன்னால் கேட்கிறது என்று நினைத்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். பரிசத் தட்டைத் தாண்டி இப்படி வருகிறவள் இல்லை அவள். காதில் கைப்பேசி.

“என்னாங்க, ஒரு பொம்பள இங்கிலீஷ்ல ‘சர்வர், டெம்ப்ரேச்சர்’ங்குறா. சொன்னதையே சொல்றா. நான் கிளினிக்னு நெனச்சி, அவ சொன்ன மாதிரி ஒண்ண அமுக்கிட்டேன்.”

சட்டென்று எழுந்தேன். வாசல் பக்கம் வந்து அவளே சிங்கப்பூர்ப் பெண்ணுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எடுத்த எடுப்பில் ஒரு கத்தல்.

“ஆண்டி, அங்கிள் எங்க? இப்பதான் பாக்குறேன், மூணு தடவயும் கட் பண்ணிட்டாரு!”

“மிஸ் கால்னு நெனச்சேம்மா,” என்றேன்.

“அங்கிள்! நல்லா இருந்தா அது உங்கள ஏன் கூப்பிடப் போவுது? ரூம் ஏர்கான் நின்னுபோச்சு போல, சூடு ஏறிட்டே போவுது. இன்னும் ஏறுனா சர்வர் தானா நின்னுடும். சாயங்கால ஷிஃப்ட் இருக்குல்ல? உடனே யாராச்சும் கதவத் தெறந்து காத்தாடி வைக்கச் சொல்லுங்க!”

கதவைத் திறக்கச் சாவி வேண்டும். சாவி என் இடுப்புப் பையில், மூவாரில் இருக்கிறது. தம்போய் போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் பஸ்கள் கிளம்பிவிடும். எனக்குக் கூலாய் மேனேஜர் வாங்கிக் கொடுத்த தேநீர் ஞாபகம் வந்தது. ஏழு டிரைவரின் முகமும் வந்தது.

மனைவி கேட்டாள். “கொட்டகையில யாரு இருக்கா?”

மெக்கானிக் இருந்தான். கூப்பிட்டேன்.

“பின்ரூம் கதவ ஒடைடா.”

“எந்தக் கதவு தவுக்கே?”

“சர்வர் ரூம் கதவு.”

“தவுக்கே, நீங்கதான பேசுறது? போன மாசம் அந்தக் கதவுல சாஞ்சி நின்னதுக்கே என்னை அந்தப் பேச்சு பேசுனீங்க.”

“நான்தான்டா! கடப்பாரைய எடு. ஒர்க்ஷாப்புல இருக்குற பெரிய காத்தாடிய உள்ள வை!”

பூட்டு உடையும் சத்தம் ஸ்பீக்கரில் மூவார் வரைக்கும் கேட்டது. அது நல்ல பூட்டு, நானே பார்த்து வாங்கியது. சுலபத்தில் வரவில்லை. உள்ளே நுழைந்தவன், “அம்மாடி, அடுப்பு மாதிரி இருக்கு தவுக்கே,” என்றான். பிறகு காற்றாடி சுற்றும் இரைச்சல்.

இன்னொரு கைப்பேசியில் சிங்கப்பூர்ப் பெண். “தேவையில்லாததெல்லாம் நான் இங்கேர்ந்தே நிறுத்திட்டேன் அங்கிள். பஸ் ப்ரோக்ராம் மட்டும் ஓடுது.”

“எறங்குதாம்மா?”

“இருங்க.”

உள்ளே ஐயர் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். மைத்துனர் வாசலில் வந்து எட்டிப் பார்த்து, பக்கத்தில் நின்றார். என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காரைத் திருப்பவா என்று நான் கேட்கவில்லை, அவளும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. திருப்பிப் பயனில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“எறங்குது அங்கிள்,” என்றாள் அந்தப் பெண். பிறகு, “நல்லாவே எறங்குது.”

சுவரில் சாய்ந்து நின்று மூச்சு விட்டேன். பட்டு வேட்டி வேர்வையில் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. உள்ளே போய்த் தட்டை மாற்றினோம். தட்டை நான் தப்பான பக்கம் நீட்டியதை மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள். வயசாகிறது என்று நினைத்திருப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

பந்தியில் உட்கார்ந்தபோது மறுபடி அந்த எண் அடித்தது. என் விரல் பழக்கப்படி வெட்டப் போனது.

“எடுங்க!” என்றாள் மனைவி, பக்கத்து இலையிலிருந்து.

எடுத்தேன். அதே இங்கிலீஷ் பெண்குரல். முழுவதும் கேட்டேன். ‘நார்மல்’ என்ற ஒரு வார்த்தை விளங்கியது. அது போதும். ஒன்றை அமுக்கினேன், சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் அமுக்கினேன்.

சாயங்காலம் ஆனது. மைத்துனர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசியைத் தொடை மேல் வைத்துக்கொண்டேன். கூலாய்த் தொழிற்சாலைக்கு ஏழு பஸ் போய்ச் சேர வேண்டிய நேரம். மணி அடித்தது. எடுத்து, “ஹலோ” என்றேன்.

“தவுக்கே?” முதல் பஸ் டிரைவரின் குரல் நடுங்கியது. “என்னா ஆச்சி? ஏன் எடுத்தீங்க? யாருக்காச்சும் ஏதாச்சும்...?”

“ஒண்ணும் இல்லடா. ஆள் எல்லாம் சரியா ஏறுனாங்களா?”

“ஏறிட்டாங்க, எறங்கிட்டாங்க. பண்டார் தெங்காரா ஆளுங்களும் வந்துட்டாங்க. நீங்க நல்லா இருக்கீங்கதானே தவுக்கே?”

“நல்லா இருக்கேன். வைடா போன.”

என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த மணி அடித்தது. அது இரண்டாவது பஸ். வெட்டினேன். மூன்றாவதை வெட்டினேன். ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றாக வெட்டினேன். ஏழாவது மணியையும் வெட்டிய பிறகுதான் எனக்குப் பசி தெரிந்தது. மத்தியானம் இலையில் எதையும் தொடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“கேசரி இருக்கா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.