காய்ச்சல் நாளில் கால் அமுக்கிய மைத்துனன்

அம்பத்தூருக்குக் குடிவந்த சில வருடங்களில் என் மனைவிக்கு வலது காலில் யானைக்கால் வீக்கம் கண்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற அம்மாள் ஒருவர் வாரந்தோறும் வந்து, தோல் மட்டும் அசையும்படி மேல்நோக்கி மெதுவாகத் தடவிவிடுவார். வீக்கம் சற்று வடியும்.

அவர் வராத ஒரு நாள், மனைவி குளிர்காய்ச்சலில் படுத்திருந்தபோது, பூந்தமல்லியிலிருந்து அவள் தம்பி வந்தான். எல்லா வைத்தியமும் அறிந்தவன், எதையும் படித்ததில்லை.

"இன்னா மாமா, பூனையத் தடவுறாப்ல தடவிகினு போறாங்களாமே? நல்லா அமுக்கினாத்தான் நீர் எறங்கும்!" என்று விளக்கெண்ணெயுடன் உட்கார்ந்து அழுத்தித் தேய்க்கத் தொடங்கினான். ஆபீஸ் விதிகள் அத்தனையும் மனப்பாடமான எனக்கு, மைத்துனனைத் தடுக்க மட்டும் விதி தெரியவில்லை.

"ஐயோ, எரியுதுடா, உடுடா!" என்று அவள் அலறினாள். முழங்காலிலிருந்து தொடைவரை சிவப்புக் கோடு ஓடியிருந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, டாக்சி பிடித்து அவளுடன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"கால்விரல் இடுக்குல இருக்கிற புண் வழியா கிருமி ஏறியிருக்கு. இதுல போய்த் தேய்ப்பாங்களா?" என்றார் டாக்டர். வழியிலேயே நினைவு தப்பியவள், பென்சிலின் ஊசிகளுக்குப் பிறகே என்னை அடையாளம் கண்டாள்.

இப்போதெல்லாம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் அவள் காலை யாரையும் தொட விடுவதில்லை. காய்ச்சல் இருந்தால் அந்த அம்மாளுக்கும் அன்று விடுமுறை, நேரே டாக்டர்தான். மைத்துனன் வந்தால் விசிறியைக் கொடுத்து வீசச் சொல்கிறேன். அவன் கைக்கும் ஒரு வேலை வேண்டுமே!