மாட்டுச் சாணியும் மருந்தில்லாத தேயிலையும்

சண்முகவடிவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். புருஷன் செத்தபின், ஒரு பசுவையும், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பின்னால் இருந்த நாலு காய்கறிப் பாத்தியையும் வைத்து இரண்டு பெண்களை வளர்த்தாள். சாணி போடாமல் அந்தப் பாத்திகளில் லீக்ஸ் வராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு வெளிநாட்டுக் கடிதம் ஒன்று வந்தது. ரசாயன உரம் போடாத தேயிலைக்கு அங்கே நல்ல கிராக்கியாம். ஏழாம் நம்பர் மலையை அதற்கென்று ஒதுக்கி, சாணியையும் குப்பையையும் மக்க வைக்கக் கூட்டெருக் குழிகள் வெட்டினார்கள். குழிகளை நிரப்பச் சாணி போதவில்லை. ஒருநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன், லயத்து மாடுகளின் சாணியெல்லாம் இனித் தோட்டத்துக்கு என்று அறிவித்தார்.

"எங்க பாத்திக்கு என்னாத்த போடுறதுங்க?" என்றாள் சண்முகவடிவு.

"ஸ்டோர்ல மூட்டை ஒரம் தர்றோம், அதப் போடு. ஒன் மாடு திங்கிறது தோட்டத்துப் புல்லுதானே?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"வெள்ளக்காரவுங்க குடிக்கிற தேத்தண்ணிக்கு அந்த ஒரம் ஆகாது. எம்புள்ளைங்க திங்கிறதுக்கு மட்டும் ஆகுமாங்க?"

அன்று அவளுக்கு வேலை இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாள் சாணி அள்ள வந்தவன் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு இராமையா. அவள் மண்வெட்டியோடு கொட்டில் வாசலில் நின்றாள்.

"அக்கா, வெறுங்கூடையோட போனா என் வேலை போயிரும்."

"ஒன் மாட்டுச் சாணியயும் நீயே அள்ளிக் குடுத்தியாமே. கேக்கணும்னு தோணலையா ஒனக்கு?"

இராமையா வெறுங்கூடையோடு திரும்பினான். நடந்ததை அவனே லயமெங்கும் சொன்னான். அடுத்த நாள் பெண்கள் ஒருவரும் ஏழாம் நம்பர் மலையில் ஏறவில்லை. தேயிலை வாங்குகிறவர்கள் அந்த வாரமே மலையைப் பார்க்க வருவதாக இருந்தது. மூன்றாம் நாள் துரை இறங்கி வந்தார்: பாதிச் சாணி தோட்டத்துக்கு, பாதி மாட்டுக்காரருக்கு.

எல்லோரும் சரியென்றார்கள். சண்முகவடிவுக்கு மட்டும் அது ஒப்பவில்லை. தனியாக எத்தனை நாள் நிற்பது?

"பாதின்னா, கணக்கப்பிள்ளையே வந்து பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போகட்டும். இன்னொருத்தன் கையில குடுக்க மாட்டேன்" என்றாள்.

துரைக்கு அந்தப் பேச்சை முடித்தால் போதும்; ஒத்துக்கொண்டார். ஆண்டியப்பன் தினமும் காலையில், வெள்ளைக் காலுறையும் சப்பாத்துமாக, அவள் கொட்டிலில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. அவள் கோடு கிழித்துப் பிரிப்பாள். அதற்குப் பழிவாங்க அவளை மிகத் தொலைவான மலைக்கு மாற்றினார்கள். நடந்தே போய் வந்தாள்.

அந்தப் போகத்தில் நாலில் இரண்டு பாத்தியில்தான் லீக்ஸ் வந்தது. மூட்டை உரத்தை அவள் கடைசிவரை தொடவில்லை.